பாரிஸில் காளான் படிக்க: ஜார்தன் தெ பிளாந்த் தோட்டத்திலிருந்து காட்டுவரை

பாரிஸுக்கு வந்த இரண்டாவது இலையுதிர் காலத்தில் அம்மாவும் நானும் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பதினொரு வெள்ளைக் காளான் பறித்தோம். ஊரில் மழை விழுந்து வெயில் எறித்த மறுநாள் புற்றடியில் முளைக்குமே, கிட்டத்தட்ட அதே தோற்றம். அம்மா மணந்து பார்த்தார். பூச்சி அரித்த அடையாளம் ஒன்றைக் காட்டி, "பூச்சி தின்றால் மனிசரும் தின்னலாம்" என்றார். சட்டி அடுப்பில் ஏறுகிற நேரத்தில் வேலையால் வந்த தம்பி, "எதற்கும் ஒருக்கா பார்மசியில் காட்டுங்கோ" என்றான்.

முதல் பார்மசியில் தங்களுக்குக் காளான் தெரியாது என்று சொல்லி அடுத்த தெருவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த வயதான மருந்தாளர் ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்து இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். அமானித் ஃபலோயித். அந்த இரண்டில் ஒன்றே ஒரு ஆளைக் கொல்லப் போதும் என்றார். மற்ற ஒன்பதும் வயிற்றைக் கலக்குகிற வேறொரு சாதி. சமைக்கத்தக்கது ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு நான்கு இலையுதிர் காலங்களாக முறையாகப் படித்து வருகிறேன். தொடக்கத்தில் எங்கே போவது, யாரைக் கேட்பது, என்ன செலவாகும் என்று சொல்ல ஆள் இல்லாமல் நிறைய அலைந்தேன். பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் நம்மவர்கள் அந்த அலைச்சல் இல்லாமல் தொடங்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. பருவத்தைக் கணக்கிட்டுத் திட்டமிடுங்கள்

காளான் படிப்புக்குக் காலம் மிக முக்கியம். பிப்ரவரியில் உற்சாகம் வந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஓடினால் பார்க்கப் பெரிதாய் ஒன்றும் இருக்காது. பாரிஸ் பகுதியில் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை நல்ல பருவம். ஒரு நல்ல மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் முளைப்பு தெரியும். கடும் உறைபனி விழுந்ததும் அநேகமாக முடிந்துவிடும்.

ஆகவே ஜூலை, ஆகஸ்டில் புத்தகம் படியுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் காளான் கண்காட்சித் தேதிகளைத் தேடுங்கள். அக்டோபரில் இரண்டு சனி ஞாயிறுகளை இதற்கென்று ஒதுக்குங்கள். உணவகத்தில் வேலை செய்கிறவர்கள் சனி ஞாயிறு விடுப்பை ஆகஸ்டிலேயே கேட்டு வைத்தால்தான் கிடைக்கும். நான் முதல் வருடம் கேட்காமல் விட்டு எல்லாக் கண்காட்சியையும் தவறவிட்டேன்.

2. அருங்காட்சியகத்தில் சரியான வாசலால் நுழையுங்கள்

தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்பது ஒரே கட்டடம் இல்லை. பாரிஸ் 5ஆம் வட்டாரத்தில் ஜார்தன் தெ பிளாந்த் என்ற பெரிய தோட்டத்துக்குள் பல கூடங்களாகப் பரவிக் கிடக்கிறது. லா கூர்நெவ் பக்கம் இருப்பவர்களுக்கு மெட்ரோ 7 நேரே போகும். சென்சியே-தொபந்தோன் நிறுத்தத்தில் இறங்குங்கள். லா சப்பல், கார் து நோர் பக்கத்திலிருந்து வந்தால் மெட்ரோ 5 எடுத்து ஒஸ்தெர்லிட்ஸில் இறங்கினால் தோட்டத்தின் மறுபக்க வாசல். மாறி ஏற வேண்டியதில்லை.

புதியவர்கள் விழும் முதல் குழி இங்கேதான். எல்லாரும் நேரே பரிணாமப் பெருங்கூடத்துக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். யானை, திமிங்கில எலும்பு, ஆபிரிக்க விலங்குகளின் பெரிய அணிவகுப்பு, எல்லாம் அருமை. பிள்ளைகளைக் கட்டாயம் ஒருநாள் கூட்டிப் போங்கள். ஆனால் காளான் படிக்க வந்தவருக்கு அது இடமில்லை. டிக்கெட் பத்து யூரோவுக்கு மேல் ஆகும், செவ்வாய்க்கிழமை மூடல்.

காளானுக்காக வருகிறவர் இந்த வரிசையில் போவதுதான் நல்லது.

முதலில் தோட்டம். நுழைவு இலவசம், ஒவ்வொரு நாளும் திறந்திருக்கும். அக்டோபரில் மழைக்கு அடுத்த சில நாட்களில் காலை வேளையில் போய், பழைய மரங்களின் அடி, மரத்தூள் பரப்பிய பாத்திகள், புல்வெளி ஓரம் ஆகியவற்றை மெதுவாகப் பாருங்கள். பறிக்க அனுமதி இல்லை. படிக்கிறவருக்கு அதுவே நன்மை, ஏனென்றால் கை பரபரக்காமல் கண் மட்டும் வேலை செய்யும். குனிந்து, எந்த மரத்தடி என்று எழுதி, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் மூன்று படம் எடுங்கள். மரங்களுக்குப் பெயர்ப்பலகை இருப்பது பெரிய உதவி. காளானை அறிய மரத்தை அறிய வேண்டும். ஓக் மரத்தடியா, பைன் மரத்தடியா என்பதே பாதி விடை.

அடுத்து நூலகம். அருங்காட்சியகத்தின் பொது வாசிப்புக் கூடத்தை மெதியாதெக் என்பார்கள். உட்கார்ந்து படிக்கக் காசு கேட்பதில்லை. திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், போகும் முன் இணையத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு குறிப்புப் புத்தகம், பென்சில், கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி, இவ்வளவும் போதும்.

மூன்றாவதாக, நேரமும் காசும் இருந்தால் தாவரவியல் கூடம். அது சிறியது. உலர் மாதிரிகளை எப்படிச் சேகரித்து வைக்கிறார்கள் என்பது அங்கே விளங்கும். அருங்காட்சியகத்தின் உலர்தாவரச் சேகரிப்பில் ஏறத்தாழ 80 லட்சம் மாதிரிகள் உள்ளன, காளான்களும் அதில் அடக்கம். ஆனால் அவை ஆய்வாளர்களுக்கானவை. போய் இழுப்பறையைத் திறந்து பார்க்க முடியாது. உலர்ந்த காளானில் நிறமும் வடிவமும் போய்விடும் என்பதால், அதைப் பார்த்துப் புதியவர் கற்க அதிகம் இல்லை. பின்சோன் என்ற கலைஞர் மெழுகில் காளான்களைச் செய்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த மெழுகு மாதிரிகள் இந்த அருங்காட்சியகத்தின் சொத்து.

கட்டணக் கூடங்களுக்குப் போவதானால் பத்திரம் கையில் இருக்கட்டும். பிரான்சின் அரசு அருங்காட்சியகங்களில் 26 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் வேலை தேடுவோருக்கும் பெரும்பாலும் சலுகை உண்டு. வயதைக் காட்ட வதிவிட அட்டை. வேலை தேடுவதைக் காட்ட அண்மையில் எடுத்த சான்று. பழையது என்றால் ஏற்காமல் விடலாம். எந்தக் கூடத்துக்கு எந்தச் சலுகை என்பதை டிக்கெட் பக்கத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

3. புத்தகம் வாங்கும்முன் ஒரு சோதனை

பழைய புத்தகச் சந்தையில் 2 யூரோவுக்கு அழகான காளான் புத்தகங்கள் கிடைக்கும். அங்கேதான் ஆபத்து. முன்பு உண்ணத்தக்கவை என்று எழுதப்பட்ட சில காளான்கள் ஆளைக் கொல்லும் என்று பின்னால் தெரியவந்தது. த்ரிகோலோம் ஏகெஸ்த்ர் என்ற மஞ்சள் காளானைத் தென்மேற்கு பிரான்சில் விரும்பித் தின்பார்கள், அங்கே அதற்கு பிதாவு என்று பெயர். தொடர்ந்து பல வேளை தின்றவர்களுக்குத் தசை நார்கள் சிதைந்து உயிரே போயிருக்கிறது. பிரான்சில் 2005 முதல் அதை விற்கத் தடை. பக்சீல் அன்ரூலே என்ற பழுப்புக் காளானும் இப்படியே: பழைய நூல்களில் நல்லது, இன்று நஞ்சு.

ஆகவே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் இந்த இரண்டின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். உண்ணலாம் என்று போட்டிருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

புதுப் புத்தகம் வாங்க வேண்டிய தேவைகூட இல்லை. பாரிஸ் மாநகராட்சி நூலகங்களில் அட்டை இலவசம், அடையாளப் பத்திரம் ஒன்று கொண்டு போனால் எடுத்துவிடலாம். ஒவ்வொரு காளானுக்கும் பக்கத்தில் அதோடு குழம்பக்கூடிய இன்னொன்றின் படத்தைப் போட்டிருக்கும் நூலைத் தேர்ந்தெடுங்கள். லத்தீன் பெயரையும் எழுதிப் பழகுங்கள். பிரெஞ்சுப் பெயர் ஊருக்கு ஊர் மாறும்.

4. கொல்லுவதை முதலில் படியுங்கள்

எல்லாரும் செப், ஜிரோல் என்று சுவையான காளான்களிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இதைத் தலைகீழாக்கச் சொல்வேன். அமானித் ஃபலோயித்தைக் கண்ணை மூடினாலும் தெரிகிற அளவுக்குப் படித்து முடிக்கும்வரை எதையும் பறிக்க வேண்டாம். ஐரோப்பாவில் காளான் சாவுகளில் பெரும்பங்கு இதனால்தான், பாரிஸ் சுற்றுக் காடுகளிலும் ஓக் மரத்தடியில் அது சாதாரணமாக முளைக்கும்.

குடை மஞ்சள் கலந்த பச்சை, சில வேளை முழு வெள்ளை. குடையின் அடியில் இருக்கும் தகடுகள் வெள்ளை. காம்பில் தொங்குகிற பாவாடை போன்ற வளையம். காம்பின் அடியில் கிழிந்த முட்டைத்தோல் போல ஒரு பை. இந்தப் பைதான் உயிரைக் காக்கும் அடையாளம், ஆனால் அது மண்ணுக்குள் மறைந்திருக்கும். காம்பைக் கத்தியால் வெட்டி எடுத்தால் பை மண்ணிலேயே தங்கிவிடும். நானும் அம்மாவும் செய்த பிழை அதுதான். அடையாளம் தெரியாத காளானை ஒருபோதும் வெட்டாதீர்கள். கத்தி முனையால் சுற்றிக் கிளறி அடியோடு எடுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதலாக இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று, ஊரில் தின்ற வைக்கோல் காளான். அதற்கும் அடியில் இதே மாதிரிப் பை உண்டு. முட்டைப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம். வளர்ந்தபின் வைக்கோல் காளானின் தகடு இளஞ்சிவப்பாகும், காம்பில் வளையம் இராது. அமானித்தின் தகடு கடைசிவரை வெள்ளை. ஆனால் வைக்கோல் காளான் வெப்பநாட்டுப் பயிர். அதைப் போன்ற ஒன்றை இங்கே காட்டில் கண்டால் அது நம் ஊர்க் காளான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுக்காளானும் அப்படியே: அது கறையான் வளர்ப்பது, பாரிஸ் காட்டில் அந்தக் கறையான் கிடையாது.

இரண்டாவது சிக்கல் வீட்டுச் சோதனைகள். வெள்ளிக் காசு கறுக்காவிட்டால் நல்லது, உள்ளி போட்டு நிறம் மாறாவிட்டால் நல்லது, பூச்சி தின்றால் நல்லது, நன்றாகக் கொதித்தால் நஞ்சு போய்விடும். நாலும் பொய். நத்தை அமானித்தைத் தின்றுவிட்டுப் பேசாமல் ஊர்ந்து போகும். அதன் நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் உறைந்தாலும் அழியாது. சுவையும் நன்றாக இருக்கும் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பெரியவர்களிடம் சொல்லும்போது சண்டையாகச் சொல்லாதீர்கள். அம்மாவின் அறிவு அம்மாவின் மண்ணுக்குச் சரியானது. மண் மாறிவிட்டது என்று சொன்னபோதுதான் அம்மா கேட்டார்.

தொடுவதால் ஒன்றும் ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயந்து தள்ளி நின்றால் படிக்க முடியாது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினால் போதும்.

5. வீட்டில் ஒரு தாள், ஒரு கண்ணாடிக் குவளை

காளானின் வித்திகள் கண்ணுக்குத் தெரியாத தூள். அதன் நிறத்தைப் பார்க்கும் முறை எளிது, செலவில்லாதது. அரைவாசி வெள்ளை, அரைவாசி கறுப்பு என்று இரு நிறத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். காம்பை நீக்கிவிட்டுக் குடையைத் தகடு கீழே பார்க்கும்படி இரண்டு நிறத்திலும் படுகிற மாதிரி வையுங்கள். மேலே குவளையைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் தூள் படிந்திருக்கும். அமானித் என்றால் வெள்ளை. கடையில் வாங்கும் ஷாம்பிஞோன் இனம் என்றால் கடும் சாக்லேட் நிறம். சமையல் மேசையில் செய்யாதீர்கள், பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஷாம்பிஞோன் என்று தெரிந்ததும் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். பூங்காப் புல்லில் முளைக்கும் அகாரிக் ஜோனிசான் அதே இனம்தான். காம்பின் அடியைக் கீறினால் பளிச்சென்று மஞ்சளாகும், மை அல்லது மருத்துவமனை மணம் அடிக்கும். சமைக்கும்போது அந்த மணம் இன்னும் கூடும். எங்கள் பதினொன்றில் ஒன்பது அதுதான்.

6. அக்டோபர் கண்காட்சி: இதைத் தவறவிடாதீர்கள்

முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பிரான்ஸ் முழுக்கக் காளான் சங்கங்கள் அக்டோபரில் வார இறுதிக் கண்காட்சிகள் நடத்துகின்றன. முந்தின நாள் காட்டில் எடுத்த உண்மைக் காளான்களை, நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை, பாசியும் இலையும் பரப்பிய தட்டுகளில் அடுக்கி, பெயரும் உண்ணத்தக்கதா நஞ்சா என்ற குறிப்பும் வைத்திருப்பார்கள். புத்தகத்தில் இரண்டு மாதம் படித்தது ஒரு மணி நேரத்தில் தெளியும். மணத்தைப் படம் காட்டாது. மாவு மணம், முள்ளங்கி மணம், சோம்பு மணம் என்று புத்தகம் சொல்வதை மூக்கால் அறிய வேறு வழி இல்லை.

பிரான்ஸ் மைக்காலஜிச் (காளானியல்) சங்கம் 1884இல் தொடங்கியது, பாரிஸ் 12ஆம் வட்டாரத்தில் இருக்கிறது. ஜார்தன் தெ பிளாந்திலேயே காளான் கண்காட்சி நடந்த ஆண்டுகள் உண்டு. இந்த ஆண்டு எங்கே, எப்போது என்பதை செப்டம்பர் தொடக்கத்தில் சங்கத்தின் பக்கத்திலும் அருங்காட்சியக நிகழ்ச்சிப் பட்டியலிலும் பாருங்கள். அக்டோபரில் நாடு முழுவதும் அறிவியல் விழாவும் நடக்கும். அதற்கு நுழைவு இலவசம், அருங்காட்சியகத்திலும் நிகழ்ச்சிகள் இருக்கும். உங்கள் நகர மன்ற அறிவிப்புப் பலகையையும் விடாதீர்கள். புறநகர்ச் சங்கங்களின் சிறு கண்காட்சிகள் அங்கே மட்டும்தான் ஒட்டப்படும், அவற்றில் கூட்டம் குறைவு, கேள்வி கேட்க நேரம் அதிகம்.

போகும்போது இரண்டு காரியம். ஞாயிறு பின்னேரம் போகாதீர்கள், அதற்குள் காளான்கள் வாடிவிடும். சனி காலை நல்லது. அமானித் ஃபலோயித் தட்டின் முன்னால் குறைந்தது கால்மணி நேரம் நில்லுங்கள். முட்டை, இளசு, முதிர்ந்தது என்று எல்லாப் பருவமும் வைத்திருப்பார்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். என் அம்மா அந்தத் தட்டைப் பார்த்து நின்ற நேரத்தில் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரும்பாலான கண்காட்சிகளில் ஒரு மேசையில் அனுபவசாலிகள் இருந்து மக்கள் கொண்டுவருவதைப் பார்த்துச் சொல்வார்கள். பிரெஞ்சு தடுமாறினாலும் பரவாயில்லை, விரலால் காட்டினாலே பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். பிடித்துப்போனால் சங்கத்தில் சேருங்கள். ஆண்டுச் சந்தா சில பத்து யூரோக்கள்தான், அதற்குக் காட்டு நடைகளில் கூடவே போகலாம். தனியே நான்கு ஆண்டில் கற்பதை அப்படி ஒரே ஆண்டில் கற்கலாம்.

7. காட்டுக்குப் போகும்முன் சட்டம்

காட்டில் முளைப்பது பொதுச்சொத்து என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுச் சட்டப்படி காளான் நிலத்துக்குச் சொந்தக்காரருக்குச் சொந்தம். தனியார் காட்டில் கேட்காமல் பறிப்பது தண்டனைக்குரியது. அரசுக் காடுகளில் வீட்டுத் தேவைக்கு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர்வரை பொதுவாக அனுமதிக்கிறார்கள், சாதாரண வாளியில் பாதி. 10 லிட்டரைத் தாண்டினால் பெரிய குற்றமாகிவிடும், சட்டத்தில் சிறைத்தண்டனைகூட இருக்கிறது. சில மாவட்டங்கள் இதைவிடக் கடுமையான ஆணை போட்டிருக்கும். வதிவிட அட்டை புதுப்பிக்கக் காத்திருப்பவர்கள் இதை இலேசாக எடுக்க வேண்டாம்.

பறித்ததை விற்பது தனி விஷயம். தெரிந்த கடைக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நகரப் பூங்காவிலும் சாலையோரத்திலும் எடுக்காதீர்கள். காளான் மண்ணில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சித் தன்னிடம் சேர்த்து வைக்கும்.

போக எளிதான இடம் ஃபொந்தேன்புளோ. கார் து லியோனிலிருந்து ரயில், எல்லா வலயமும் உள்ள நவிகோ பயண அட்டை இருந்தால் தனிக் கட்டணம் இல்லை. அங்கே சில பகுதிகள் முழுப் பாதுகாப்புக் காடுகள், பலகை இருந்தால் உள்ளே எடுக்கக் கூடாது. சார்செல் பக்கத்தவர்களுக்கு மோன்மொரான்சி காடு அருகில். கஸ்தான் (செஸ்ட்நட்) மரத்துக்குப் பேர்போன காடு, காளான் கிடைக்காவிட்டாலும் கஸ்தான் கொட்டையோடு திரும்பலாம்.

பிரம்புக் கூடை, சிறு கத்தி, சில காகிதப் பைகள் எடுங்கள். பிளாஸ்டிக் பையில் காளான் வியர்த்துக் கெட்டுவிடும். கண்ணைப் பறிக்கிற நிறத்தில் மேலாடை போடுங்கள், அது வேட்டைப் பருவமும்கூட. வேட்டை நாட்களைக் காட்டு நிர்வாகத்தின் பக்கத்தில் பார்க்கலாம், பாதையில் பலகையும் வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். தெரியாத காளானைத் தெரிந்ததோடு ஒரே பையில் போடாதீர்கள். ஒரு துண்டு உடைந்து கலந்தாலும் கூடை முழுவதும் போச்சு.

8. பார்மசியில் காட்டுவது எப்படி

பிரான்சில் மருந்தாளர் படிப்பில் காளான் பாடம் உண்டு. ஆகவே பார்மசியில் காட்டிக் கேட்கலாம், வழக்கமாகக் காசு கேட்பதில்லை. ஆனால் எல்லாருக்கும் கைப்பழக்கம் இருக்காது. போகும்முன் தொலைபேசியில் இப்படிக் கேளுங்கள்: "எஸ்கில் யா கெல்கன் கி கொனே லே ஷாம்பிஞோன்?" காளான் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்று பொருள். இல்லை என்று நேராகச் சொல்கிற பார்மசி நல்ல பார்மசி. நன்றி சொல்லிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

மாலை வேலைமுடியும் நேரத்தில் கூட்டத்தோடு போய் நிற்காதீர்கள். வாரநாளில் மதியத்துக்குப் பிறகு நல்லது. கழுவாமல், வெட்டாமல், அடிமண்ணோடு, வகைக்கு ஒரு காகிதப் பையாகக் கொண்டு போங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றதெல்லாம் அதுவே என்று நினைத்தால் பார்மசிக்குப் போனதே வீண், முழுவதையும் காட்டுங்கள். ஐயம் என்ற சொல் அவர் வாயில் வந்தால் குப்பைதான், பேரம் பேச வேண்டாம்.

கைப்பேசிச் செயலியை நம்பிச் சமைக்காதீர்கள். படம் காம்பின் அடியைக் காட்டாது, மணத்தைக் காட்டாது. அருங்காட்சியகம் நடத்தும் இ-என்-பே-என் எஸ்பெஸ் செயலி, நாட்டில் எங்கே என்ன உயிரினம் இருக்கிறது என்ற பதிவுக்கு உதவுவது. கற்பதற்கு நல்லது, சட்டிக்கு வழிகாட்டி இல்லை. அருங்காட்சியக வாசலும் கூடையை நீட்டி இதைத் தின்னலாமா என்று கேட்கிற இடமில்லை.

9. சமையலறையில்

சமைக்கும்முன் எல்லாக் காளானையும் ஒன்றாகப் பரப்பி ஒரு படம் எடுங்கள். பிரான்சின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் சொல்கிற வழி இது. ஏதாவது ஆனால் மருத்துவருக்கு அந்தப் படம் உதவும். குளிர்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். காட்டுக் காளானைப் பச்சையாகத் தின்னவே கூடாது. சட்டியில் 20 முதல் 30 நிமிடம் வதக்க வேண்டும், அல்லது 15 நிமிடம் கொதிக்க வைத்து நீரைக் கொட்டிவிட வேண்டும். நல்ல வகையே ஆனாலும் பெரியவர் ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம்வரை போதும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். புது வகையை முதன்முதலாகச் சமைக்கும் நாளில் விருந்தினரைக் கூப்பிடாதீர்கள்.

10. உடம்புக்கு ஏதாவது செய்தால்

பிரான்சில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காளானால் நஞ்சுபடுகிறார்கள். இந்த எண்களை இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அவசரத்துக்கு 15 அல்லது 112. பாரிஸ் நஞ்சுக் கட்டுப்பாட்டு மையம் 01 40 05 48 48, இரவும் பகலும் எடுப்பார்கள்.

காளான் தின்று ஓரிரு மணியில் வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் உடனே அழையுங்கள். ஆறு மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ தொடங்கினால் இன்னும் ஆபத்து, அமானித் அப்படித்தான் வேலை செய்யும். அதற்குப் பிறகு ஒருநாள் சுகமானது போலத் தெரியும். அந்த நாளில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். சுகமாகிவிட்டது என்று வேலைக்குப் போகாதீர்கள். பாலோ வேறு கைவைத்தியமோ கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள்.

தொலைபேசியில் சொல்ல வேண்டியவை: எத்தனை மணிக்குத் தின்றீர்கள், எத்தனை மணிக்கு முதல் அறிகுறி, எத்தனை பேர் தின்றார்கள், பிள்ளைகள் உண்டா. அதே சட்டியில் தின்ற எல்லாரும், உடம்புக்கு ஒன்றும் செய்யாதவர்கள்கூட, சேர்ந்து போக வேண்டும். கார்ட் வித்தால் (மருத்துவக் காப்பீட்டு அட்டை) இன்னும் வரவில்லை, பத்திரம் சரியில்லை என்று தயங்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யார் வந்தாலும் அவசரப் பிரிவில் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும். எடுத்து வைத்த படம், சமைக்காத காளான் மிச்சம், சட்டியில் ஒட்டியது, குப்பையில் போட்ட காம்பு, எது இருந்தாலும் காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டு போங்கள்.